மார்கழிக் கச்சேரியை நீலகிரியிலிருந்து நேரலையில் கேட்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை சென்னை சபாக்களில் நடக்கும் கச்சேரிகளை குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கேத்தி பக்கம் வீட்டுக் கூடத்திலோ சிறு ஹாலிலோ கூடி உட்கார்ந்து நேரலையில் கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். 2020 டிசம்பரில் கொரோனாவால் சபாக்கள் இணையத்துக்கு மாறின. அன்றிலிருந்து இந்தப் பழக்கம் மலையில் ஊன்றிவிட்டது. மங்களம் பாடி முடித்த கையோடு வாட்ஸ்ஆப்பில் வாக்குவாதமும் தொடங்கிவிடுகிறது. சுருதி சேர்ந்ததா, மிருதங்கம் அடக்கி வாசித்தாரா, எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) பிசகியதா என்று இரவு பதினொரு மணி வரை போகும். வாதம் நல்லதுதான், ரசனை அப்படித்தான் வளரும். ஆனால் மேடையிலிருந்து நம் காதுக்கு வருவதற்குள் அந்த ஒலி மைக், மிக்ஸர் (மைக் ஒலிகளைக் கலந்து அளவு வைக்கும் பெட்டி), இணையம், டிவி என்று நாலைந்து கை மாறுகிறது. வழியில் சேர்ந்த குறையை வித்வானின் தலையில் கட்டுவது அநியாயம். எது அவருடையது, எது வழியில் வந்தது என்று பிரிக்கத்தான் கீழே உள்ள பதில்கள்.

நேரில் கேட்காதவர் கச்சேரியைக் குறை சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் இருந்தால். ராகத்தின் பிடிகள், சங்கதிகளை (ஒரே வரியின் மெட்டு மாறுதல்களை) அடுக்கிய விதம், சாகித்யத்தை (பாட்டின் சொற்களை) பதம் பிரித்த இடம், நிரவலுக்கு (ஒரு வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவதற்கு) எடுத்த வரி, கல்பனாஸ்வரத்தின் (கற்பனையாக ஸ்வரங்களைக் கோத்துப் பாடுவதன்) கணக்கு, உருப்படிகளை (பாட்டுகளை) தேர்ந்தெடுத்த வரிசை ஆகியவற்றை நேரலை கெடுப்பதில்லை. சாகித்யத்தைப் பொறுத்தவரை கடைசி வரிசை ரசிகரைவிட உங்களுக்குத்தான் தெளிவு அதிகம். பாடகரின் வாயருகே இருக்கும் மைக் உங்களோடு நேராகப் பேசுகிறது.

குரலின் கனம், வாத்தியங்களுக்கு இடையிலான அளவு, தம்புராவின் நிறைவு, அரங்கம் கொடுத்த உற்சாகம் ஆகிய நான்கையும் நேரலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அரங்கில் இருந்த யாரையாவது கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

மிருதங்கம் ஏன் சில நேரலைகளில் பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல் கேட்கிறது?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். சின்ன அரங்கில் மிருதங்கத்துக்கு மைக்கே தேவைப்படாத அளவுக்கு நாதம் உண்டு, தோலில் விழும் அடி நேராகவே ரசிகர்களிடம் போய்ச் சேர்கிறது. அதனால் அரங்கின் ஒலி அமைப்பாளர் குரலை ஏற்றி, மிருதங்கத்தை மிக்ஸரில் நன்றாகத் தாழ்த்தி வைப்பார். அரங்கத்துக்கு அது சரியான அளவு. அதே மிக்ஸரிலிருந்து ஒரு கம்பி இழுத்து நேரலைக்குக் கொடுத்தால் நமக்கு வருவது மைக் வழியாக வந்த பங்கு மட்டும். நேராகக் காற்றில் போன பெரிய பங்கு அரங்கிலேயே தங்கிவிடுகிறது. விளைவு, குரல் முன்னால், வயலின் அதற்குப் பின்னால், மிருதங்கம் எங்கோ தூரத்தில்.

‘மிருதங்கக்காரர் இன்று அடங்கிப் போனார்’ என்று எழுதுவதற்கு முன் இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தின்போது (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதியில்) அளவு திடீரென்று ஏறுகிறதா என்று கவனியுங்கள். வாசிப்பவரின் கை ஒரே மாதிரி இருக்க, ஒலி மட்டும் ஏறினால் மிக்ஸரில் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தின் அளவும் மிக்ஸர் தந்ததுதான்.

நேரலைக்கென்று தனி மிக்ஸரும், அரங்கின் இயல்பான ஒலியைப் பிடிக்க இரண்டு மைக்கும் வைக்கும் சபாக்களில் இந்தக் குறை இருக்காது. ஒரு சபாவின் நேரலை எந்த வகை என்பதை முதல் கச்சேரியிலேயே குறித்து வையுங்கள். கைதட்டல் இயல்பாக, அகலமாகக் கேட்டால் அரங்க மைக் இருக்கிறது. கைதட்டல் பாடகரின் மைக் வழியாகச் சன்னமாக வந்தால் இல்லை.

மிருதங்கத்தின் தொப்பியே (இடது பக்கம்) கேட்கவில்லை, வலந்தலை (வலது பக்கம்) மட்டும் ‘டக் டக்’ என்கிறதே?

உங்கள் டிவி. மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் கீழ் ஒலிகளைத் தருவதே இல்லை. ரவை பூசிய தொப்பியின் கும்காரம் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் வாழ்கிறது. கைபேசியில் இன்னும் மோசம். சாதாரணமான கம்பி ஹெட்ஃபோனைச் சொருகி அதே இடத்தை மறுபடி கேளுங்கள், தொப்பி வந்துவிடும். இரண்டு காதிலும் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்காமல் எந்த மிருதங்க வித்வானைப் பற்றியும் கருத்து எழுதுவதில்லை என்று குழுவில் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

தம்புரா வந்து வந்து போகிறது. சுருதி சேராத மாதிரி இருக்கிறது. உண்மையிலேயே சேரவில்லையா?

இரைச்சல் நீக்கும் வசதியை ஒலிபரப்புபவர் போட்டுவிட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். மின்விசிறி, ஏசி சத்தம் போல மாறாமல் தொடரும் ஒலியை அந்த மென்பொருள் ‘இரைச்சல்’ என்று கணக்கில் எடுத்துக் கழிக்கும். மாறாமல் தொடர்வதுதான் தம்புராவின் இயல்பே. பாட்டு ஓடும்போது தம்புரா ஒட்டிக்கொண்டு வரும், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பொசுக்கென்று அறுபடும். இந்த அறுபடல் கேட்டால் அது மென்பொருளின் வேலை என்று உறுதியாகச் சொல்லலாம். டிவியிலும் ‘குரல் தெளிவு’ என்ற பெயரில் ஒரு அமைப்பு இருக்கும், அதுவும் ஏறக்குறைய இதையே செய்யும். அதை அணைத்து ‘இசை’ அல்லது ‘சாதாரணம்’ என்ற நிலையில் வையுங்கள்.

பாடகரே சுருதி விலகினாரா என்பதை அறிய தம்புராவை நம்ப வேண்டாம், வயலினைக் கேளுங்கள். தாரஸ்தாயி ஷட்ஜத்தில் (மேல் ‘ஸ’வில்) பாடகர் நிற்கும்போது வயலினும் அங்கே வந்து நிற்கும். இரண்டும் உரசி அலை அலையாகத் துடித்தால் யாரோ ஒருவர் விலகியிருக்கிறார். அந்தத் துடிப்பை எந்த இணைய இணைப்பும் உண்டாக்காது. அப்போது தைரியமாக எழுதலாம்.

ஹெட்ஃபோனில் பாட்டு கேட்கிறது, கைபேசி ஸ்பீக்கரில் காணாமல் போகிறது. நேரலையில் கோளாறா?

ஆம், இது அனுப்புமிடத்துக் கோளாறு. மிக்ஸரின் பாலன்ஸ்டு வெளியீட்டில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் வரும், ஒன்று நேராக, மற்றது தலைகீழாக. அந்தக் கம்பியை கம்ப்யூட்டரின் ஸ்டீரியோ துளையில் அப்படியே சொருகினால் இடது காதுக்கு நேர் அலையும் வலது காதுக்குத் தலைகீழ் அலையும் பதிவாகும். ஹெட்ஃபோனில் இரண்டு காதுக்கும் தனித்தனியே போவதால் கேட்கும், ஆனால் குரல் நடுவில் நிற்காமல் தலைக்கு வெளியே எங்கோ மிதக்கும். கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டும். கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்து, மிஞ்சுவது கரகரப்பு மட்டும்.

ஹால் ஆம்ப்ளிஃபயர்கள் பலவும் ஒற்றை ஒலி வகை என்பதால் கூடிக் கேட்கும் இடத்தில் இது பெரிய ஏமாற்றமாகிவிடும். தீர்வு சுலபம். லேப்டாப்பிலிருந்து போகும் இரட்டைக் கம்பியில் வெள்ளை முனையை மட்டும் ஆம்ப்ளிஃபயரில் சொருகி, சிவப்பைச் சும்மா தொங்க விடுங்கள். பாட்டு முழுதாக வந்துவிடும். பிறகு ஏற்பாட்டாளருக்கு மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள்: ‘வலது பக்க ஒலி தலைகீழாக வருகிறது, மிக்ஸரிலிருந்து வரும் கம்பியைப் பார்க்க வேண்டும்.’ இப்படிக் குறிப்பாகச் சொன்னால் உடனே சரிசெய்ய முடியும். ‘ஆடியோ சரியில்லை’ என்று ஐம்பது பேர் எழுதினாலும் எங்கே கை வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

எடுப்பு அரை இடமா, முக்கால் இடமா என்று ஒவ்வொரு வருடமும் சண்டை. யார் சொல்வது சரி?

முதலில் இரண்டு பேரும் எதில் கேட்டார்கள் என்று பாருங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் ஒலி கால் நொடி வரை தாமதமாக வரலாம். படத்தையும் ஒலியையும் தானாக இணைத்துவிடும் கருவிகள் உண்டு, எல்லாக் கருவிகளும் அதைச் செய்வதில்லை. இப்போது கணக்குப் பாருங்கள். ஓர் அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு நொடி என்ற நடையில் ஒரு கிருதி போகிறது. அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஒரு மாத்திரைக்குக் கால் நொடி. பாடகரின் கையைப் பார்த்துத் தாளம் போடுபவருக்குப் பாட்டு சரியாக ஒரு மாத்திரை தள்ளி வந்து சேரும். தாளத் தொடக்கத்திலிருந்து இரண்டு மாத்திரை தள்ளி எடுக்கும் அரை இடம், அவர் கணக்கில் மூன்று மாத்திரை தள்ளிய முக்கால் இடமாகிவிடுகிறது. கம்பி போட்டுக் கேட்டவர் அரை இடம் என்கிறார், புளூடூத்காரர் முக்கால் இடம் என்கிறார். இரண்டு பேரும் கேட்டதைத்தான் சொல்கிறார்கள்.

சோதிக்க, பாடகர் தொடையில் தட்டுவதைப் பார்க்காதீர்கள். மிருதங்கத்தின் வலந்தலையில் ஓங்கி விழும் ஓர் அடியை நெருக்கமாகக் காட்டும் இடத்தைத் தேடுங்கள். விரல் தோலைத் தொடும் கணமும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். பிந்தினால் கம்பிக்கு மாறுங்கள். மாற முடியாவிட்டால் படத்தை விட்டுவிட்டு, மிருதங்கத்தின் சமத்தை (தாளம் தொடங்கும் இடத்தை) காதால் பிடித்துத் தாளம் போடுங்கள். ஒலி மொத்தமும் சேர்ந்தே பிந்துவதால் காதுக் கணக்கு தவறாது.

கோர்வை (முத்தாய்ப்பாக வரும் தாளக் கணக்கு) சரியாக வந்து விழுந்ததா என்று வீட்டிலிருந்தே நிரூபிக்க முடியுமா?

முடியும். நேரலை கேட்பவருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரம் இதுதான், நிறுத்தித் திருப்பிக் கேட்கலாம். வேகத்தை 0.75-க்கு இறக்குங்கள், சுருதி மாறாது. ஸ்வரங்களை எழுதாமல் மாத்திரைகளை மட்டும் எண்ணுங்கள்.

ஒரு களை ஆதி தாளம், அரை இடத்து எடுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆவர்த்தனத்துக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) 8 அட்சரம், 32 மாத்திரை. சமத்தில் தொடங்கிய கோர்வை இரண்டு ஆவர்த்தனம் கழித்து எடுப்பில் விழ வேண்டுமானால் 64-உம் எடுப்புக்கான 2-உம் சேர்த்து 66 மாத்திரை. 20 மாத்திரைச் சொற்கட்டை மூன்று முறை சொல்லி, நடுவில் 3 மாத்திரைக் கார்வை (நீட்டி நிற்கும் இடைவெளி) இரண்டு விட்டால் 60-உம் 6-உம் சேர்ந்து 66 சரியாக வரும். உங்கள் எண்ணிக்கை 64 வந்தால் பாடகர் சமத்துக்கு முடித்துவிட்டு எடுப்புக்கு நழுவினார் என்று பொருள், அல்லது ஒரு கார்வையை நீங்கள் குறைத்து எண்ணிவிட்டீர்கள். இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. கார்வையின்போதும் கை தாளத்தை விடக்கூடாது. இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒரே விடை வந்தால் மட்டும் குழுவில் போடுங்கள்.

பல்லவிக்கும் இதே முறை. திரிகாலம் (ஒரே வரியை மூன்று காலத்தில் பாடுவது) செய்யும்போது தாளத்தின் வேகம் மாறாமல் பல்லவி மட்டும் மெதுவாகவும் இரட்டிப்பாகவும் போகும். உங்கள் கை வேகம் மாறிவிட்டதா என்பதை முதலில் பாருங்கள், பிறகு பாடகரைப் பாருங்கள்.

ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடுகிறவர் ஐந்தரைக்கு மேல் போய்விட்டார் என்கிறார்கள். சுருதியைக் கூட்டிவிட்டாரா?

ஒரு பாடகர் தன் சுருதியை மாற்றினால் பொதுவாக அரைக் கட்டை இறக்குவார், தொண்டை கட்டிய மார்கழியில் அது சகஜம். ஏற்றியதாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவான ஒலியை 48,000 என்று நினைத்து ஓட்டிவிட்டால் பாட்டு ஏறக்குறைய ஒன்பது சதவீதம் வேகமாகவும், ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் ஒன்றரைக் கட்டை இடைவெளி மேலாகவும் ஓடும். கருப்புக் கட்டையையும் சேர்த்து ஒவ்வொன்றாக எண்ணும்போதுதான் இந்த ஒன்றரை. ஐந்து கட்டைக்காரர் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ தொங்குவார்.

கண்டுபிடிக்கப் பாட்டைக் கேட்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் சபா செயலாளரோ அறிவிப்பாளரோ பேசுவார். தெரிந்த மனிதரின் குரல் கீச்சென்று சிறுபிள்ளைக் குரல் போலவும், பேச்சு அவசரமாகவும் இருந்தால் குற்றம் இயந்திரத்தின் மேல். அன்றைய ராக ஆலாபனையின் (சாகித்யம் இல்லாமல் ராகத்தை விரிப்பதன்) வேகத்தைப் பற்றியும் அதன்பின் பேச்சு வேண்டாம்.

‘அடடா, அந்தக் காந்தாரம்!’ என்று ஒருவர் எழுதிவிடுகிறார், எங்களுக்கு இன்னும் ஆலாபனையே தொடங்கவில்லை. என்ன செய்வது?

நேரலை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேரும். அனுப்பும் அமைப்பைப் பொறுத்து மேடைக்கும் நமக்கும் ஐந்து நொடி முதல் அரை நிமிடத்துக்கு மேல் வரை இடைவெளி இருக்கும். நடுவில் சக்கரம் சுற்றி நின்ற வீட்டில் அதற்கும் மேல். நேரத்தைக் குறிப்பிடாமல் ‘இப்போ’ என்று எழுதாதீர்கள். நேரலை தொடங்கியதிலிருந்து ஓடும் கடிகாரத்தைப் பார்த்து ‘1:12:40, பூர்விகல்யாணி, காந்தாரம்’ என்று எழுதுங்கள். மறுநாள் தேடிக் கேட்கவும் அது உதவும். மேலோங்கிய இடத்தைப் புகழ ஒரு நிமிடம் பொறுப்பது சேர்ந்து கேட்பவர்களுக்குச் செய்யும் மரியாதை.

ராகம் எது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். தீர்ப்பது எப்படி?

ஷட்ஜத்தைப் பிடித்த பிறகு பேசுங்கள். நடுவில் வந்து சேர்ந்தவர் பஞ்சமத்தை ஷட்ஜமாக நினைத்துவிட்டால் வேறு ராகமே கேட்கும்.

பந்துவராளியா, பூர்விகல்யாணியா என்ற சண்டை தைவதத்தில் (‘த’ ஸ்வரத்தில்) தீர்ந்துவிடும். மற்ற ஸ்வரங்கள் ஒன்று, பந்துவராளிக்கு சுத்த தைவதம் (தாழ்ந்த ‘த’), பூர்விகல்யாணிக்கு சதுஸ்ருதி தைவதம் (உயர்ந்த ‘த’). மேலே போகும்போது ‘பதபஸா’ என்று ஏறினால் பூர்விகல்யாணி என்று எழுதிவிடலாம். ஆரபி, தேவகாந்தாரி போன்ற ஜோடிகள் அவ்வளவு சுலபமில்லை. ஆரோகண அவரோகணம் (ஏறி இறங்கும் ஸ்வர வரிசை) ஒன்றே. ஆரபி நிமிர்ந்து, அசைவு குறைவாக, விறுவிறுவென்று போகும். தேவகாந்தாரி நின்று, அசைந்து, நீட்டிப் போகும். தர்பாருக்கும் நாயகிக்கும் இதே நிலைமை. தர்பாரில் காந்தாரமும் நிஷாதமும் இரட்டித்து ‘ககரிஸ’, ‘நிநிதப’ என்று அழுந்த விழும், நாயகி அதே வழியில் இழைந்து இறங்கும். இந்த ராகங்களில் ஸ்வரத்தைவிட அது அசையும் விதமே அடையாளம். எதிரொலி அதிகம் சேர்த்த நேரலையில் இந்த நுணுக்கம் ஒன்றன் மேல் ஒன்று படிந்து மங்கும். அப்போது ஆலாபனையில் தீர்ப்புச் சொல்லாமல் கல்பனாஸ்வரம் வரை காத்திருங்கள், ஸ்வரங்களின் பெயரையே பாடகர் சொல்லிவிடுவார்.

கைபேசியில் சுருதி காட்டும் செயலியைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. கமகத்தோடு (அசைவோடு) வரும் ஸ்வரத்தில் முள் அங்கும் இங்கும் ஓடும், எங்கே நின்றது என்று காது மட்டுமே சொல்லும்.

பாடகர் அடிக்கடி கையைத் தூக்கி ‘ஏற்று, இறக்கு’ என்கிறார். அவருக்கே மைக் பிடிக்கவில்லையா?

பெரும்பாலும் அது அவர் முன்னால் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைப் பற்றியது. தன் குரலும் தம்புராவும் தனக்குக் கேட்க வேண்டும் என்று கேட்கிறார். நமக்கு வரும் ஒலிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. கச்சேரியில் மூன்றாவது உருப்படி வரை இது நடந்தால், அந்த முதல் அரை மணி நேரத்தின் சிறு சறுக்கல்களை மன்னித்துவிடுங்கள். தன் குரலே கேட்காமல் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திருவையாறு பஞ்சரத்தினத்தை நேரலையில் கேட்டால் முன்னும் பின்னுமாக இழுக்கிறதே?

தியாகராஜர் ஆராதனையில் புஷ்ய பகுள பஞ்சமி காலையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகக் கிருதிகளையும் நூற்றுக்கணக்கானோர் காவிரிக் கரையில் ஒன்றாகப் பாடுகிறார்கள். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் பின்னால் உட்கார்ந்தவருக்கு முன்வரிசைப் பாட்டு பத்தில் ஒரு நொடி பிந்தித்தான் எட்டும், அவர் அதற்கேற்பப் பாடுவார். மைக் முன்வரிசையையும் பின்வரிசையையும் சேர்த்துப் பிடிக்கும்போது இழுபறியாகக் கேட்பது இயற்கை. ஐந்தும் ஆதி தாளம், ஸ்வரமும் சாகித்யமும் அச்சில் கிடைக்கின்றன. எடுத்து வைத்துக்கொண்டு கூடவே பாடுங்கள், இழுபறி காதில் விழாது. அதைக் கச்சேரிபோல விமர்சிக்கத் தேவையில்லை, அது அஞ்சலி.

மலையில் மழை, மின்தடை, நெட் போவது. என்ன முன்னேற்பாடு?

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை விடாது. மரம் சாய்ந்தாலும் மண் சரிந்தாலும் சாலையோரம் வரும் ஃபைபர் அறுபடும். எனவே ஃபைபர் ஒன்று, வேறு நிறுவனத்துக் கைபேசி இணைப்பு ஒன்று என்று இரண்டு வழி வேண்டும். கைபேசியை ஹாட்ஸ்பாட்டாக வைக்கும்போது டவர் இருக்கும் சரிவைப் பார்த்த ஜன்னலில் வையுங்கள், அறைக்குள் பத்தடி நகர்ந்தாலே சிக்னல் மாறும் ஊர் இது. பழைய கல் பங்களாக்களின் கனத்த சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை விடாது. 2.4-க்கு மாற்றுங்கள், முடிந்தால் லேன் கம்பியே இழுத்துவிடுங்கள்.

720 தரத்தில் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 0.9 ஜிபி, இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு இரண்டேகால் ஜிபி ஆகும். இணைப்பு தடுமாறினால் படத்தை 360-க்கு இறக்குங்கள். அதற்கும் கீழே போகாதீர்கள், மிகத் தாழ்ந்த தரங்களில் ஒலியையும் சேர்த்து நசுக்கிவிடுவார்கள்.

மின்தடைக்கு ரவுட்டருக்கு மட்டும் சிறு யுபிஎஸ் வைத்துவிட்டு, ஃபைபர் வந்து சேரும் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். இன்வெர்ட்டரில் டிவியும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து 100 வாட் என்றால் 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு மாலைக்குத் தாராளம். உறைபனி விழும் ஊட்டி, கேத்தி இரவுகளில் வெளித்திண்ணையில் வைத்த பேட்டரி தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைத்தே தரும், உள்ளே வையுங்கள். ரூம் ஹீட்டரை அந்த இன்வெர்ட்டரில் சொருகவே கூடாது. அது ஒன்றே 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும்.

ஹாலில் இருபது முப்பது பேர் கேட்க எப்படி அமைப்பது?

ஸ்பீக்கரை மரத்தரையில் வைக்காதீர்கள், தரையே அதிர்ந்து தொப்பியைக் குழப்பும். ஜமக்காளத்தில் உட்கார்ந்தவரின் காது உயரத்துக்கு ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். எதிர்ச் சுவரில் கம்பளிகளைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். தகரக் கூரையில் மழை பிடித்துவிட்டால் ஒலியை ஏற்றி ஜெயிக்க முடியாது. ஸ்பீக்கரை ஆட்களுக்கு நடுவே நகர்த்துங்கள். புரொஜெக்டரைக் குளிரில் காரில் கொண்டுவந்திருந்தால் உறையிலிருந்து எடுக்காமல் அரை மணி நேரம் அறைக்குள் விடுங்கள். உடனே எடுத்தால் லென்ஸிலும் உள்ளேயும் ஈரம் படியும்.

டிக்கெட் வாங்கிய நேரலையை ஹாலில் போடுவதானால் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திரையைப் பதிவு செய்து பரப்புவது வேண்டவே வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மேடையில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனி உரிமை தருகிறது.

விமர்சனத்தை எப்படி எழுதினால் சண்டை வராது?

கேட்ட கருவி, நேரம், இடம், பிறகு கருத்து. இந்த நான்கும் இருந்தால் எதிர்க் கருத்துக்காரரும் அதே இடத்துக்குப் போய்க் கேட்க முடியும். ‘மாமி, கம்பி ஹெட்ஃபோனில் கேட்டேன். 48:15-இல் நிரவல் மேல்காலத்துக்குப் போனதும் வார்த்தை உடைந்து வேறு அர்த்தம் வருகிறது. உங்களுக்கும் அப்படிக் கேட்டதா?’ இதற்குப் பதில் சொல்லலாம். ‘சுத்த சொதப்பல்’ என்பதற்கு என்ன பதில் சொல்வது? பெரியவர் ஒருவர், ‘அண்ணா, அந்தக் காலத்தில் இப்படியா பாடினார்கள்’ என்று தொடங்கினால் மறுக்க வேண்டாம், எந்தப் பதிவு என்று அன்போடு கேட்டு வாங்கி, அதையும் சேர்த்துக் கேளுங்கள். அறியாத சங்கதி ஒன்று கட்டாயம் கிடைக்கும்.

ஒரே பாடகரை இரண்டு சபாக்களில் கேட்டு ஒப்பிடலாமா?

ஒரே உருப்படியாக இருந்தால் மட்டும், பாடகர் மேடையில் கற்பனையாகப் பாடியதை மட்டும் ஒப்பிடுங்கள்.

நேரலையில் கேட்டதும் மறுநாள் ஏற்றிய பதிவும் வேறு மாதிரி இருக்கிறதே, எதை வைத்துப் பேசுவது?

சில ஏற்பாட்டாளர்கள் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, பிறகு நிதானமாகக் கலந்து ஏற்றுகிறார்கள். அதில் மிருதங்கம் எழுந்து நிற்கும், தம்புரா விட்டுப்போகாது. இருமலும் மானிட்டர் கீச்சலும் வெட்டப்பட்டிருக்கும். அதனால் கடிகார நேரமும் மாறும், நீங்கள் குறித்த 1:12:40 அங்கே 1:09-இல் இருக்கலாம். அளவையும் நாதத்தையும் பற்றிப் பேச மறுநாள் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பு, கணக்கு, அன்று என்ன நடந்தது என்பதற்கு வெட்டாத நேரலைதான் சாட்சி. குழுவில் எழுதும்போது எதைக் கேட்டீர்கள் என்பதை முதல் சொல்லாகப் போடுங்கள்: ‘நேரலை’ அல்லது ‘பதிவு’.